கல்லின் குளிர் அடங்கும்வரை: ஸ்படிகத்தை வைத்து நன்றிப் பயிற்சி செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

இரவு படுக்கப் போவதற்கு முன் நெல்லிக்காய் அளவுள்ள ஒரு ஸ்படிகத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு எனக்கு நன்மை செய்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்ப்பது ஆறு ஆண்டுகளாக என் வழக்கமாக இருந்து வருகிறது. இந்தப் பழக்கத்தைத் தொடங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே தவறு செய்து கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்து, கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் பழக்கம் நிலைப்பது வரை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இக்கற்கள் 'குணமளிக்கும் கற்கள்' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. ஆனால் எந்தக் கல்லும் நோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச், 80 தன்னார்வலர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவுகளை 2001-இல் வெளியிட்டார். சிலருக்கு உண்மையான படிகமும் சிலருக்குப் போலிப் படிகமும் கொடுக்கப்பட்டன. கையில் சூடு பரவுகிறது, உடல் சிலிர்க்கிறது என்று இரு சாராரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். எந்த உணர்வுகள் தோன்றக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள் அவற்றைக் கூடுதலாகவே உணர்ந்தார்கள். ஆகவே மருந்து சாப்பிடுபவர் மருந்தை நிறுத்த வேண்டாம், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்தப் பயிற்சியில் நன்றி சொல்லும் வேலை முழுவதும் நம்முடையது. கையை ஓரிடத்தில் நிறுத்தி, மனத்தை அந்த வேலைக்கு அழைத்துவருவதே கல்லின் பங்கு. அது சிறிய பங்குதான் என்றாலும், அலைபாயும் மனத்தோடு படுக்கைக்குப் போகும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் அனுபவத்தில் அறிவேன்.

கல்லைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பயிற்சிக்கு ஒரே ஒரு கல் போதும். ஏழு சக்கரங்களுக்கு ஏழு கற்கள், ஒவ்வொரு உணர்ச்சிக்கும் ஒரு கல் என்று பெட்டியாக வாங்கினால், எந்தக் கல்லை எடுப்பது என்ற யோசனையிலேயே இரவு போய்விடும். ராசிக்கல் பார்ப்பது வேறு மரபு. அதை இதோடு கலக்க வேண்டியதில்லை.

குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்த கல்லையே நான் பரிந்துரைக்கிறேன். நிறமற்ற ஸ்படிகம், ஊதா நிறச் செவ்வந்திக்கல், இளஞ்சிவப்பு ரோஸ் குவார்ட்ஸ், மஞ்சள் சிட்ரின் ஆகிய எல்லாமே அடிப்படையில் சிலிக்கான் டை ஆக்சைடுதான். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இது 7 என்பதால், தினமும் கையாண்டாலும் எளிதில் கீறல் விழாது. தண்ணீர் பட்டாலும் கெடாது. தமிழர்களுக்கு இது புதிய பொருளும் இல்லை. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், படிகத்திலும் செவ்வந்திக்கல்லிலும் சூதுபவளத்திலும் மணி செய்த பட்டறைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்கு நாள்தோறும் ஆறு காலமும் அபிஷேகம் நடக்கிறது. ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்காகவே மக்கள் இருட்டில் எழுந்து வருகிறார்கள்.

ஸ்படிக மாலை உடம்புக்குக் குளிர்ச்சி என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் தொட்டு உணரக்கூடிய உண்மை ஒன்று இருக்கிறது. படிகக் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் தொட்டவுடன் அது தோலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது. நமக்கு ஜில்லென்று தெரிகிறது. இந்தக் குளிர்ச்சிதான் என் பயிற்சி முறைக்கே அடிப்படை. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்கச் சில சோதனைகளை அறிந்துகொள்வது நல்லது. ஒரு கோயில் ஊரில் நான் வாங்கிய முதல் 'ஸ்படிக' மாலையை வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, நான்கு மணிகளுக்குள் குண்டூசி முனை அளவில் உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரிந்தன. உருண்டைக் குமிழி இருந்தால் பெரும்பாலும் அது கண்ணாடி. இயற்கைப் படிகத்துக்குள் மேகம் போன்ற வெண்புகையோ, முறிந்த பனிக்கட்டியில் தெரிவது போன்ற விரிசலோ இருக்கலாம். அவற்றைக் குறையாக எண்ண வேண்டாம். இன்னொரு சோதனை கன்னத்தில் செய்வது. அதே அளவுள்ள ஒரு கண்ணாடிக் கோலியையும் கல்லையும் மாற்றி மாற்றிக் கன்னத்தில் வைத்தால், கல் கூடுதலாகக் குளிர்வதையும் அந்தக் குளிர் நீடிப்பதையும் உணரலாம். நல்ல தெளிவான பெரிய உருண்டையாக இருந்தால், அதை ஒரு தலைமுடியின் மேல் வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். ஸ்படிகமாக இருந்தால் சில கோணங்களில் ஒரு முடி இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் அப்படித் தெரியாது.

கடைகளில் பெயர்களும் குழப்பும். ஓபலைட் என்று விற்கப்படும் பால்நிறக் கல்லும், பொன்துகள் மின்னும் கோல்ட்ஸ்டோனும் மனிதர் செய்த கண்ணாடிகளே. சந்தையில் கிடைக்கும் சிட்ரினில் பெரும்பகுதி, செவ்வந்திக்கல்லைச் சூடாக்கி மஞ்சளாக்கியது. அதுவும் குவார்ட்ஸ்தான் என்பதால் பயிற்சிக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் இயற்கைச் சிட்ரினின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. நீல டர்காய்ஸ் என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சாயமேற்றிய வெள்ளைக் கல்.

அளவைப் பொறுத்தவரை, இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையோ மழமழப்பான கூழாங்கல் வடிவமோ ஏற்றது. அதன் எடை ஏறத்தாழ 20 முதல் 40 கிராம் வரை இருக்கும். கை மூடினால் முழுவதும் உள்ளே அடங்க வேண்டும். அதே சமயம் கையில் ஒன்று இருக்கிறது என்பதை மறக்க முடியாத கனமும் வேண்டும். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் வாயில் போட்டுக்கொள்ளும் அளவுள்ள கல்லை எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது.

கல் எங்கிருந்து வந்தது என்று கேட்பதையும் இந்தப் பயிற்சியின் பகுதியாகவே நான் கருதுகிறேன். குஜராத்தின் காம்பாத் நகரில் அகேட் என்னும் குவார்ட்ஸ் வகைக் கற்களை அரைத்து மெருகேற்றும் தொழிலாளர்கள், பறக்கும் சிலிக்காத் தூசியைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய்க்கு ஆளாகிறார்கள். நன்றி சொல்வதற்காக நாம் கையில் எடுக்கும் பொருளுக்குள் இன்னொருவருடைய மூச்சு இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பார்த்தால், பை நிறையக் கற்கள் வாங்கும் ஆசை தானாகவே அடங்கிவிடும். வீட்டில் பாட்டி விட்டுச்சென்ற ஸ்படிக மாலை இருந்தால் அதைவிடச் சிறந்த கல் கடையில் கிடைக்காது. உதிர்ந்த ஒரு மணி இருந்தாலும் போதும்.

கல்லைச் சுத்தம் செய்தலும் பாதுகாத்தலும்

வாங்கி வந்த கல்லை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டுக் கழுவி, பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பௌர்ணமி நிலவில் வைப்பது, சாம்பிராணிப் புகை காட்டுவது போன்றவை உங்களுக்கு மனநிறைவு தருமானால் தாராளமாகச் செய்யலாம். அவற்றால் கல் மாறுவதில்லை, செய்பவருக்குத் தொடக்கம் என்ற உணர்வு கிடைக்கிறது.

கடும் வெயிலில் வைக்காதீர்கள். செவ்வந்திக்கல்லும் ரோஸ் குவார்ட்ஸும் நீண்ட நாள் வெயில் பட்டால் நிறம் மங்கும். உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கத்தையும் எல்லாக் கற்களுக்கும் பின்பற்றக் கூடாது. நான் ஒருமுறை வெண்ணிறச் செலினைட் துண்டு ஒன்றை இரவு முழுவதும் உப்புத் தண்ணீரில் போட்டுவைத்தேன். காலையில் எடுத்தபோது, பட்டுப்போல் பளபளத்த அதன் பரப்பு சுண்ணாம்பு பூசியது போல் சொரசொரப்பாகியிருந்தது. செலினைட் என்பது ஜிப்சம்; நகத்தாலேயே கீறக்கூடிய அளவு மென்மையானது, தண்ணீரில் சிறிதளவு கரையவும் செய்யும்.

கல்லைக் குடிநீரில் போட்டு அந்த நீரைக் குடிக்கும் வழக்கத்தை நான் உறுதியாக மறுக்கிறேன். மாலகைட்டில் செம்பும், கலீனாவில் ஈயமும், சின்னபாரில் பாதரசமும் இருக்கின்றன. மேலே சாயமோ பிசினோ பூசப்பட்டிருக்கிறதா என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

இடமும் நேரமும்

கல்லுக்கு நிலையான ஓர் இடம் வேண்டும். பூஜை அறையில் வைத்தால் மரியாதையாக இருக்கும், ஆனால் படுக்கும் நேரத்தில் கண்ணில் படாது. அதனால் தலைமாட்டில் ஒரு சிறு கிண்ணத்தில் வைப்பதையே நான் விரும்புகிறேன். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருக்கட்டும். கைப்பேசி அதே மேசையில் இருந்தால் கை முதலில் அதைத்தான் எடுக்கும். அதைச் சார்ஜ் போடும் இடத்தை அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள். பயிற்சியை ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு இணைப்பது நல்லது. நான் பல் துலக்கி, மறுநாள் காலைக்கு அலாரம் வைத்த பிறகு உட்காருகிறேன். காலையில் செய்பவர்களும் உண்டு, ஆனால் இட்லி வெந்துகொண்டிருக்கும் வீட்டில் காலை நேரம் யாருக்கும் சொந்தமாகக் கிடைப்பதில்லை.

பயிற்சி செய்யும் முறை

முதலில் நிமிர்ந்து உட்கார்ந்து கல்லை இடது கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வலது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு எழுதும் கை காலியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு காரணம் இல்லை. கையை மூடி, கல்லின் குளிர் எந்த இடத்தில் அதிகமாகத் தெரிகிறது என்று மட்டும் கவனியுங்கள்: உள்ளங்கையின் நடுக்குழியிலா, விரல்களின் மடிப்பிலா, பெருவிரலின் அடியிலா? இந்தக் கவனம் அரை நிமிடம் நின்றாலே பகல் முழுவதும் ஓடிய எண்ணங்களின் வேகம் குறைவதை உணர்வீர்கள்.

பிறகு அன்றைய நாளைக் காலையிலிருந்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கே ஒருவர் உங்களுக்காக ஏதாவது செய்தார் என்று தேடுங்கள். கிடைத்தவுடன் அந்த இடத்தில் நிறுத்தி, அந்தக் காட்சியைக் கண்முன் கொண்டுவாருங்கள். 'என் குடும்பத்துக்கு நன்றி, என் உடல்நலத்துக்கு நன்றி' என்ற பொதுவான வரிகள் மூன்றாம் நாளே உயிரற்றுப் போய்விடும். என் நோட்டிலிருந்து ஒரு பதிவை எடுத்துக்காட்டாகத் தருகிறேன்: 'ராத்திரி கரண்ட் போனபோது எதிர்வீட்டு அக்கா எமர்ஜென்சி விளக்கைக் கொண்டுவந்து நம் வாசற்படியில் வைத்துவிட்டு, அழைப்பு மணிகூட அடிக்க முடியாததால் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டில் அப்போது மெழுகுவத்திதான் எரிந்தது.' கடைசி வாக்கியத்தை எழுதும்போதுதான் அந்த உதவியின் அளவே எனக்குப் புரிந்தது. யார், என்ன செய்தார், அதற்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் நன்றி நெஞ்சில் இறங்குகிறது.

எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்க வேண்டாம். கல்லின் குளிர் அடங்கி, அது கையின் சூட்டுக்கு வரும்வரை ஒரே காட்சியில் இருங்கள். கல்லின் அளவையும் பருவத்தையும் பொறுத்துச் சில நிமிடங்களில் இது நடக்கும். மார்கழி இரவில் நேரம் கூடும், சித்திரையில் குறையும். கல்லும் கையும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத அந்த நிலை வந்தவுடன் கையைத் திறந்து, கல்லைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, நினைத்ததை இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். ஏசி அறையில் கல் மிகவும் குளிர்ந்திருந்தால் தொடக்கத்தில் மணிக்கட்டின் மேல் சிறிது நேரம் வைத்துப் பழக்கலாம்.

மனம் அலைந்தால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். அலுவலகக் கணக்கு, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், யாரோ சொன்ன ஒரு சொல் என்று எண்ணம் எங்கே போயிருந்தாலும், பெருவிரலால் கல்லை ஒருமுறை உருட்டிவிட்டு நிறுத்திய காட்சிக்குத் திரும்புங்கள். ஓர் இரவில் இருபது முறை உருட்ட நேர்ந்தாலும் பயிற்சி சரியாகவே நடக்கிறது.

எத்தனை நாளைக்கு ஒருமுறை

நன்றியை எழுதிவைப்பதன் பயனைப் பற்றி முறையான ஆய்வுகள் உண்டு. உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லாவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் ஐந்து நன்மைகள் வரை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவு மூன்று நல்ல நிகழ்வுகளையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியவர்களிடம் அதன் பலன் ஆறு மாதம் வரை காணப்பட்டது. இன்னொரு உளவியலாளரான சோன்யா லியூபோமிர்ஸ்கியின் ஆய்வோ வேறொன்றைக் காட்டியது: ஆறு வாரங்கள் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. அளவுக்கு மீறினால் அது கடமையாகிச் சலித்துவிடும் என்பது அதற்கு ஒரு விளக்கம்.

இவற்றையும் என் அனுபவத்தையும் சேர்த்து நான் பின்பற்றும் முறை இது. முதல் ஏழு இரவுகள் விடாமல் கல்லைப் பிடித்து எழுதுங்கள். கை பழகுவதற்கு அந்தத் தொடர்ச்சி தேவை. எட்டாம் நாளிலிருந்து கல்லைத் தினமும் பிடிக்கலாம், ஆனால் நோட்டில் எழுதுவதை வாரம் ஒருமுறைக்குக் குறைத்துவிடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை இரவு எழுதுகிறேன். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்காகச் செய்து ஈடுகட்ட வேண்டாம்.

சொல்லாத நன்றியைச் சொல்லுதல்

மூன்று நான்கு வாரங்களில் நோட்டைப் புரட்டினால் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். அவர்களில் ஒருவரிடம் நேரில் போய்ச் சொல்வதுதான் அடுத்த படி. இதைத் தவிர்த்துவிட்டால் பயிற்சி பாதியில் நிற்கிறது என்றே நான் நினைக்கிறேன். செலிக்மனின் அதே ஆய்வில், சரியாக நன்றி சொல்லாமல் விட்ட ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் மிகப் பெரிய மகிழ்ச்சியை அடைந்தார்கள். அதன் தாக்கம் ஒரு மாதம் வரை நின்றது.

நம் வீடுகளில் நெருங்கியவர்களிடம் 'நன்றி' என்ற சொல்லைச் சொல்லும் வழக்கம் குறைவு. அம்மாவிடம் போய் 'நன்றி அம்மா' என்றால், 'என்னடா, உடம்புக்கு என்ன?' என்றுதான் கேட்பார். அதனால் சொல்லை விட்டுவிட்டு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். 'நான் பத்தாவது படிக்கும்போது விடியக்காலை நாலு மணிக்கு நீங்களும் எழுந்து பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பீர்களே, அது இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது' என்று நான் என் அம்மாவிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பால் செம்பு இன்னும் பரணில் இருக்கிறது என்றார். கல்லைப் போகும்போது சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பேச்சு தொண்டையில் நிற்கும்போது கையில் பிடிக்க ஒன்று இருப்பது துணையாக இருக்கும்.

நன்றி வராத நாட்கள்

துக்கமும் அவமானமும் நேர்ந்த நாளில் நன்றியை வலிந்து வரவழைக்கக் கூடாது. அடித்தவரிடமும் சுரண்டியவரிடமும் நன்றி காட்டச் சொல்லும் எந்தப் பயிற்சியும் தவறானது. 'இதுவாவது கிடைத்ததே' என்று உரிமையை விட்டுக்கொடுப்பதை நன்றி என்று அழைக்க வேண்டாம். என் அப்பா இறந்த மாதத்தில் நான் நோட்டைத் திறக்கவே இல்லை. கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது சூடாகும்வரை உட்கார்ந்திருந்து, அப்படியே படுத்துக்கொண்டேன். பதினைந்து நாள் கழித்து, மருத்துவமனை வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவர் தன் ஃபிளாஸ்க்கிலிருந்து எனக்கு ஊற்றிக் கொடுத்த காபி தானாக நினைவுக்கு வந்தது. அப்படி வரும்வரை காத்திருக்கலாம். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கல் உடைந்தாலோ தொலைந்தாலோ

கல் கைதவறி விழுந்து உடைந்தால் அதை அபசகுனமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. குவார்ட்ஸ் கடினமானதே தவிர, கல்தரையில் விழுந்தால் கண்ணாடி போலவே சில்லு தெறிக்கும். உடைந்த விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் அதைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம். பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிடலாம்.

பயணத்தில் கல்லை மறந்துவிட்டுப் போனால், இறங்கிய ஊரில் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ கிடைக்கும் ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆறுகளில் கிடக்கும் வெள்ளைக் கூழாங்கற்களில் பலவும் குவார்ட்ஸ்தான். திருவையாற்றில் தங்கிய இரண்டு இரவுகளும் காவிரிப் படித்துறையில் எடுத்த அப்படி ஒரு கல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஊருக்குக் கிளம்பும் காலையில் அதைக் கழுவி, எடுத்த படியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.